லெசியேலிக்கு இல்லாத கோபம்

வவாவு தீவிலிருந்து ஹாபாய்க்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த வீட்டில் நான் பார்த்து நடந்துகொள்ள வேண்டியது புருஷனிடமோ மாமனாரிடமோ இல்லை, நாத்தனாரிடம்தான். டோங்காவில் எந்த வீட்டிலும் அப்படித்தான். தம்பி பிள்ளைகளுக்கு அத்தை வைத்ததுதான் சட்டம். கல்யாணத்தில் நல்ல பாய் அவளுக்கு, சாவு வீட்டில் தலைமாடு அவளுக்கு. அவள் மனம் குளிர்ந்தால் பிள்ளைகள் தழைக்கும், மனம் கசந்தால் வயிறு திறக்காது என்பார்கள். என் அம்மா படகுத்துறையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் காதில் சொன்னது அதைத்தான். "அவங்க அக்காவ அனுசரிச்சு நடந்துக்க அகனேசி."

பயந்துகொண்டே வந்தேன். வந்து பார்த்தால் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒல்லியாக ஒருத்தி நின்றாள். "வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இந்த வாளியப் பிடி" என்றாள். லெசியேலியிடமிருந்து எனக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

மாமனார் சைமோனேவுக்கு அப்போதே ஒரு பக்கம் விழுந்திருந்தது. அவரைத் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, சேம்பை மசித்து ஊட்டுவது எல்லாம் லெசியேலிதான். தலைநகர் நூக்குஅலோஃபாவிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அவளைப் பெண் கேட்டு வந்தாராம். "அப்பா எழுந்து நடக்கட்டும், பாக்கலாம்" என்றாளாம். அவர் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டார். அப்பா நடக்கவில்லை. இதை அவள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. கிணற்றடியில் பெண்கள் சொல்லிக் கேட்டதுதான்.

விடியற்காலையில் கோயில் மரமுரசு ஒலிக்கும் முன்பே மாமனார் வீட்டில் பாட்டு எழும். லெசியேலி முதல் அடியை எடுப்பாள். என் கணவர் இனோக்கே கதவோரம் உட்கார்ந்து அடிக்குரலில் சேர்ந்துகொள்வார். மாமனார் படுத்தபடியே பாதி வாயால் முனகுவார். நான் நடுக்குரல். நாலு பேரும் சேர்ந்தால் கூரைத் தகரம் லேசாக அதிரும். பாட்டு முடிந்ததும் மாமனார் ஜெபம் சொல்வார். அந்த ஜெபம் அவருடையது இல்லை. இந்த ஊரில் முதன்முதலில் பழைய சாமிகளை விட்டுவிட்டு வேதத்தைக் கையில் எடுத்த அவருடைய பாட்டனாரின் பாட்டனார் சொன்னது. அந்த மனிதர் சாகும் முன் மகன் தலையில் கை வைத்து வீட்டு ஜெபத்தை ஒப்படைத்தார். அன்றிலிருந்து தகப்பன் கை மகன் தலைக்கு என்று இறங்கி இறங்கிச் சைமோனே வரை வந்திருந்தது.

அடுத்தது இனோக்கே என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை.

மூத்தவன் தொமாசிக்குப் பின் பிறந்த லோசலினே எனக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது இனோக்கே ராசவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு தலைநகருக்குக் கப்பலேறினார். அவர் போன பிறகு மாமனாருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வானொலியில் தகவல் சொல்லச் சொன்னோம். கடல் கெட்டுக் கிடந்தது, கப்பல் எதுவும் கிளம்பவில்லை. கிழவர் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். யார் நிழல் விழுந்தாலும் கண் அசையும். கடைசியில் ஒரு காலை, நல்ல கையை மெல்லத் தூக்கினார். அறையில் இருந்தது நானும் கைக்குழந்தையும்தான். லெசியேலி அடுப்படியிலிருந்து ஓடி வந்து மண்டியிட்டாள். கை அவள் தலையில் இறங்கியது.

"இந்த வீட்டு ஜெபம் அணையாம இருக்கட்டும். உனக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் கர்த்தர் இரங்கட்டும்" என்றார். வாய் குழறினாலும் வார்த்தைகள் புரிந்தன. மதியத்துக்கு முன் போய்விட்டார்.

கடல் அடங்கி இனோக்கே வந்து சேர்ந்தபோது சவக்குழியில் வெள்ளை மணல் கொட்டியாகிவிட்டது. அவர் அழவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"யார் தலையில வச்சாரு?"

"உங்க அக்கா தலையில."

"ம்" என்றார்.

எங்கள் வழக்கத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த அக்காவும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துப் பேசுவது எங்களில் கிடையாது. மரியாதை. அதற்காகத்தான் முற்றத்துக்கு எதிரில் எங்களுக்குத் தனி வீடு. ஜெபத்தில்கூட அவள் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. எது சொல்ல வேண்டுமென்றாலும் நடுவில் நான்தான். "அக்காகிட்ட சொல்லு", "தம்பிகிட்ட சொல்லு" என்று முற்றத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தே என் கால் தேய்ந்தது. அதனால் அவர்களுக்குள் மரியாதை எங்கே முடிந்தது, மனஸ்தாபம் எங்கே தொடங்கியது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவே இல்லை. எனக்கே தெரியவில்லை.

ஒரு வருடம் போல ஆகியிருக்கும். ஒருநாள் இனோக்கே சொன்னார், "அடுத்த ஞாயித்துக்கெழமையிலேருந்து நாம ஊர்க்கோடி சபைக்குப் போறோம். அக்காகிட்ட சொல்லிடு."

"எதுக்காம்?"

"அந்த வீட்டு ஜெபத்த அவங்க பாத்துக்கறாங்கல்ல? நான் எதுக்கு?"

நான் போய்ச் சொன்னேன். லெசியேலி சுடுதண்ணீரில் தாழை ஓலையை முக்கிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"சரி. அப்ப ஞாயித்துக்கெழமை குழியடுப்பு இங்கயா, அங்கயா? விறகு யாரு வெட்றது?"

"அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணறதுக்கு நேரம் வேணும்ல" என்றாள்.

பிறகு அந்த வீட்டில் விடியற்காலைப் பாட்டு ஒற்றைக் குரலாகிவிட்டது. முற்றத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டில் சேம்பு உரித்துக்கொண்டே கேட்பேன். நாலு குரலுக்கென்று கட்டிய பாட்டை ஒருத்தி பாடினால் எப்படி இருக்கும்? மற்ற மூன்று பேருக்காகவும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, எடுக்க வேண்டிய இடத்தில் எடுப்பாள். என் வாய் தன்பாட்டில் முணுமுணுக்கும். கணவர் திரும்பிப் பார்த்தால் நிறுத்திக்கொள்வேன்.

சண்டை என்று சொல்லவும் முடியாது. தோட்டத்தில் தோண்டும் முதல் கிழங்கு அக்காவுக்குத்தான் போனது. புயல் வந்து அவள் கூரையைப் பிய்த்துப் போனபோது, அவள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து இனோக்கே ஏறித் தகரம் அடித்துக் கொடுத்தார். அவள் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒழுகாதுல்ல?" என்று என்னிடம் கேட்டாள். அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு. இப்படியே என் தலை நரைத்தது. மகன்கள் இருவரும் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனார்கள். லோசலினேவுக்குப் பக்கத்து ஊர் ஃபெலேட்டியோடு கல்யாணம் ஆனது. லெசியேலி முறைப்படி மேல்பாயில் உட்கார்ந்து, கொடுத்த மரப்பட்டைத் துணிச் சுருளை வாங்கிக்கொண்டு, முதுகு வலிக்கிறதென்று சீக்கிரம் எழுந்து போனாள்.

லோசலினேவுக்கு முதல் கரு தங்கவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை. பங்காய் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "கோளாறு எதுவும் தெரியல, கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். ஆனால் என் சம்பந்தி மாஃபிக்கு அது போதவில்லை. ஊர்ப் பெண்கள் ஒன்றாகப் பாய் பின்னும் கொட்டகையில் என் காதில் விழும்படியாகவே ஆரம்பித்தாள்.

"டாக்டருக்கு என்ன தெரியும்? அத்தை மனசு நொந்து கெடக்கறப்ப எந்த வயிறு நிக்கும்?"

"எங்க அண்ணி யாரையும் நொந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல சம்பந்தி" என்றேன்.

"சொல்லாததுதான் சம்பந்தி பொல்லாதது. சொல்லிட்டா காத்தோட போயிடும். தம்பி சபைய விட்டுட்டுப் போனான், குடும்பத்த அறுத்துக்கிட்டுப் போனான். உள்ள எரியாம இருக்குமா? எம்மவன் என்ன பாவம் பண்ணான், சொல்லு."

எல்லாப் பெண்களும் ஓலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

மூன்றாவது முறை லோசலினே உண்டானபோது அவளே என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அம்மா, அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டுடலாம்மா. அப்பா வரணும். அப்பா வராம செல்லாது."

இனோக்கேயிடம் சொன்னேன். சுள்ளென்று வந்தது அவருக்கு.

"நான் என்ன தப்புப் பண்ணேன்? கர்த்தரத்தான கும்புடறேன், வேற யாரையுமா?"

"தப்புப் பண்ணீங்கன்னு யாரு சொன்னா? பொண்ணுக்காகப் போய்க் குனிங்கன்னுதான் சொல்றேன். கூரைமேல ஏறத் தெரிஞ்ச கால்தான, வாசப்படி ஏறாதா?"

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், "பன்னி எத வெட்டறது?" என்று கேட்டார். வருகிறார் என்று அர்த்தம்.

முன்கூட்டி நான் லெசியேலியைப் பார்க்கப் போனேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது அவளுக்கு. கால் வீங்கி, தாழை ஓலையைக் கத்தியால் வகிர்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"கோவமா? எனக்கா? கோவப்படறதுக்கும் ஒரு தெம்பு வேணும் அகனேசி. எனக்கு அது எங்க இருக்கு?"

"இருந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணி. சொன்னாத்தான் மன்னிச்சேன்னு சொல்ல முடியும். அவளுக்கு ஒரு நிம்மதி. மாஃபி வாயும் மூடும்."

"ஜெபம் சொல்ற எடத்துல என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

நான் தலை குனிந்தேன். அவள் ஓலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமோ பேசுவது போல, மெதுவாகச் சொன்னாள்.

"நீ அன்னைக்கு இருந்தியே. அப்பா கை வச்சப்ப. எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஒண்ணும் ஆகல. ஏதோ எறங்கும், நெஞ்சு நெறையும்னு காத்துக்கிட்டே இருந்தேன். கை கனமா இருந்துச்சு. அடுப்புல வச்ச தண்ணி பொங்குதேன்னு நெனச்சேன். அம்புட்டுதான். இத்தன வருஷமா விடியக்காலம் எழுந்து பாடறேன், ஜெபம் சொல்றேன். சொல்லணுமேன்னு சொல்றேன். உள்ள ஒண்ணுமில்லாத கூடையத் தலையில வச்சுக்கிட்டு நடக்கறேன் நான். அதக் குடுக்கலையேன்னு அவன் மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திரியறான்."

ஊரே அவளைத்தான் பக்தியுள்ளவள் என்று சொல்லும். போதகர் பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொல்லி மற்றவர்களைத் திட்டுவார்.

"இத யார்கிட்டயும் சொன்னதில்லையா அண்ணி?"

"யாரு கேட்டா?" என்றாள். கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டாள். "சனிக்கெழமை வரச் சொல்லு. வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க. எனக்கு உக்காந்திருக்க முடியாது."

சனிக்கிழமை போனோம். இனோக்கே துக்க வீட்டுக்குக் கட்டுவது போல, நைந்து கிழிந்த பெரிய பாயை இடுப்பில் சுற்றியிருந்தார். தவறு எங்கள்மேல் என்பதற்கு அது அடையாளம். ஃபெலேட்டியும் அவன் தம்பிமாரும் சுட்ட பன்றியைத் தூக்கி வந்தார்கள். என் கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்தனுப்பிய மெல்லிய பாய் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதை நான் கொண்டுபோனேன். மாஃபி எதுவும் கொண்டுவரவில்லை, எல்லாவற்றையும் பார்க்க மட்டும் வந்திருந்தாள். லெசியேலி மேல்கோடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இனோக்கே கதவோரத்தில், அந்தக் காலத்தில் ஜெபத்துக்கு உட்காரும் அதே இடத்தில், தலை கவிழ்ந்து உட்கார்ந்தார்.

முறையான பேச்சை அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். ஆண்கள் கூடி உட்கார்ந்து வேர்ச்சாறு குடிக்கும் காவா வட்டத்தில் பேசிப் பழகியவர். "உயர்ந்த இடத்தில் இருக்கும் எங்கள் அக்காவுக்கு, தாழ்ந்த இடத்திலிருந்து…" என்று இரண்டு மூன்று வரி போயிருக்கும். முறை, மொழி எல்லாம் விட்டுப்போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார்.

"அப்பா கை என் தலையில விழலக்கா. நான் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்ல அவரு?"

அக்காவிடம் அவர் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"காத்திருந்தாருடா" என்றாள் லெசியேலி. "கதவையேதான் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. உனக்கு யாரும் சொல்லலையா?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் கேட்டது யார் தலை என்று மட்டும்தான். நான் சொன்னதும் அது மட்டும்தான்.

மாஃபி கனைத்தாள். "கோவத்த எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க லெசியேலி. பொண்ணுக்கு மூச்சு வாங்குது பாருங்க."

"எனக்கு இவங்க யார்மேலயும் கோவம் இல்ல. இல்லாதத எங்கேருந்து எடுக்க?" என்றாள் அவள். வாசலோரம் நின்றிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மாஃபி கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். லெசியேலி என்னிடம் சொன்னதையெல்லாம், தண்ணீர் பொங்கியது வரைக்கும், எல்லோர் முன்னாலும் சொன்னாள். பாதி சொல்லும்போதே அவளுக்கு இளைத்தது. நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தாள். பிறகு தம்பியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கிட்ட வா. அப்பா சொன்ன வார்த்தை எனக்கு மறக்கல. அத நீ எடுத்துக்க. என்னால முடியலடா."

இனோக்கே எழுந்திருக்காமல் முழங்காலாலேயே நகர்ந்து போனார். அந்தப் பெரிய மனிதர், கிழிந்த பாய் தரையில் இழுபட, அறை முழுக்க அப்படிப் போனார். அவள் அவர் தலையில் கை வைத்தாள். பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு ஒருவர் மேல் ஒருவர் கை பட்டதே கிடையாது. மாமனாரின் வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னாள். அடுத்து லோசலினேவைக் கூப்பிட்டு, வயிற்றில் தேங்காயெண்ணெய் தடவி, "கர்த்தாவே, எங்ககிட்ட இருக்கறது இதுதான். நீர் பாத்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னாள். அத்தனை சின்ன ஜெபத்தை எங்கள் ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள். இனோக்கேதான் அடிக்குரலில் பாட்டை எடுத்தார்.

நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆறாம் மாதம் தொடங்கியதும் லோசலினே பங்காய் ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையையும் இழந்தாள். ஆண் பிள்ளை. சைமோனேவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தோம்.

மாஃபி வாய் சும்மா இருக்கவில்லை. "ஒத்துக்கிட்டிருந்தா நின்னிருக்கும். ஆசீர்வாதமே இல்லன்னு சபை நடுவுல சொன்னா அப்புறம் எங்கேருந்து வரும்?" கொட்டகையில் இதைச் சொன்னபோது நான் பின்னலைத் தூக்கிக் கடாசிவிட்டேன். "பொய் சொல்லியிருந்தா பொழச்சிருக்கும்னு சொல்றீங்களா சம்பந்தி? அப்படிப்பட்ட சாமிய உங்க வீட்டுலயே வச்சுக்குங்க" என்றேன். பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஃபெலேட்டி தன் அம்மாவிடம் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். ஆனாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு லோசலினேவோடு எங்கள் முற்றத்துக்கே குடிவந்துவிட்டான்.

இனோக்கேயைப் பற்றித்தான் எனக்குப் பயம். பிள்ளையும் போய்விட்டது, இனி அக்காவின் வாசலை மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் இருட்டோடு எழுந்து அவர் முற்றத்தைக் கடந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர்க்கோடி சபைக்குத்தான் இன்றும் போகிறார். விடியற்காலை ஜெபம் மட்டும் அக்கா வீட்டில். வார்த்தைகளை அவர் சொல்கிறார். லெசியேலி மூலையில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் பாடுவாள், சில நாள் சும்மா இருப்பாள். யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் ஜெபம் முடிந்ததும் லோசலினே அத்தையின் காலைப் பிடித்து விட்டுக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, நெசமாவே உங்களுக்குக் கோவமே இல்லையா?"

லெசியேலி யோசித்தாள். "இப்பதான் தெரியுது. இருந்துச்சு. உங்கமேல இல்ல, எங்கப்பாமேல. என்னை ஒரு வார்த்தை கேக்கல பாரு. வச்சுட்டுப் போயிட்டாரு. நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேனோ என்னவோ."

"சொல்லியிருக்க மாட்டீங்க" என்றேன் நான்.

"ஆமா. சொல்லியிருக்க மாட்டேன்" என்று அவள் சிரித்தாள். பிறகு லோசலினேவைப் பார்த்தாள். "ஏண்டி, நீயும் ஒரு அத்தைதான? தொமாசிக்கு நாலாவது வருதாமே?"

தொமாசி என் மூத்த மகன். ஆக்லாந்தில் இருக்கிறான்.

"ஆமா, அண்ணிக்கு இது ஏழாம் மாசம்."

"போய் அந்தப் பிள்ளைய வளக்கக் கேளு. தம்பி பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ, அத்தை வந்து கேட்டா நம்ம ஆளுங்க இல்லன்னு சொல்ல மாட்டாங்க. அத்தைன்னு மேல்பாயில உக்காந்து துணி வாங்கறதுக்கு மட்டுமா இருக்கோம்? எனக்கு உன்னைக் கேக்கணும்னு இருந்துச்சு. நீ பொறந்தப்ப. உங்கம்மா மொகத்தப் பாத்துட்டுக் கேக்காம விட்டுட்டேன்."

லோசலினே பிறந்த அன்று இவள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு, துணி துவைக்கப் போனது எனக்கு நினைவிருந்தது. அவள் கேட்டிருந்தால் எங்களால் மறுத்திருக்க முடியாது.

லோசலினே ஆக்லாந்துக்குப் போனாள். தொமாசி கோயிலுக்குப் போகாதவன், பழைய வழக்கமெல்லாம் வேண்டாம் என்று பேசுகிறவன். அவன் என்ன சொல்வானோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம்தான். தொலைபேசியில் அவன் என்னிடம் சொன்னது இவ்வளவு: "அம்மா, அவ கேட்டா. அவளுக்குக் கேக்க உரிமை இருக்கு. நாங்க ரெண்டு பேரும் ராத்திரி முழுக்க அழுதோம், காலையில சரின்னுட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவ நாங்க வந்து பாப்போம்." அவன் மனைவி பேசவில்லை. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. பால்குடி கொஞ்சம் நிலைத்ததும் லோசலினே அதைத் தூக்கிக்கொண்டு நூக்குஅலோஃபா வரை விமானத்திலும், அங்கிருந்து கப்பலிலும் வந்தாள். பங்காய் துறைமுகத்தில் நாங்கள் எல்லோரும் நின்றோம். கப்பல் வழக்கம்போலத் தாமதம். வெயில் ஏறிவிட்டது. "நிழல்ல போய் உக்காருங்க அண்ணி" என்றால் லெசியேலி கேட்கவில்லை, ஒரு காலி மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் உட்கார்ந்துகொண்டாள். இனோக்கே கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, அவள்மேல் வெயில் விழாத இடமாகப் பார்த்து நின்றார். மாஃபியும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வாழையிலையில் சுட்ட ஈரப்பலா கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

கப்பல் வந்தது. லோசலினே கூட்டத்தில் இடிபட்டு இறங்கி நேராக அத்தையிடம்தான் வந்தாள். மண்டியிட்டு, துணியை விலக்கிக் குழந்தையை நீட்டினாள். பிரயாணத்தில் அதன் முகம் சிவந்து, கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தது.

"அத்தை, தலையில கை வையுங்க."

லெசியேலி குழந்தையை வாங்கி மடியில் போட்டு, அதன் வாயோரம் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மொதல்ல பாலக் கொடுங்கடி" என்றாள். "பசிக்குது இதுக்கு. மத்ததெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

மாஃபி அவசரமாக லோசலினேவின் பையைத் துழாவிப் பால் புட்டியை எடுத்து நீட்டினாள்.